அணு உலைக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஓசூர்க்காரி

1

எங்கள் ஊரில் நிலநடுக்கம் வந்து இந்த வாரத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். ஓசூர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் மேற்குக் கடற்கரையில், குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறோம். ஊருக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நெல் வயல். கடலோரமாகப் போனால் ஒரு அணுமின் நிலையம்.

நினைவு நாளன்று காலை ஊர் முழுவதும் ஒலிபெருக்கி ஒலித்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றோம். பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்து, "உங்கள் மனைவி நலமா?" என்று விசாரித்தார்கள். நான் நலமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஊரில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மரியாதைக்குச் 'சான்' சேர்த்து, பத்மா-சானின் வீட்டுக்காரர் என்றால் தபால்காரர் வரைக்கும் தெரியும்.

ஓசூரிலிருந்து போன் செய்கிறவர்களோ வேறு கேள்வி கேட்கிறார்கள். அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் ஆனதிலிருந்து, நம் நாட்டில் இன்னும் எத்தனை அணு உலை வரும், வந்தால் நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் ஒரே விவாதமாம். பக்கத்திலேயே குடியிருப்பவன் என்பதால் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. பத்மாவுக்கு நடந்ததைச் சொல்லத் தெரியும்.

2

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வறண்ட கிராமத்தில் பிறந்தவன். ஓசூரில் இன்ஜின் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். மத்திகிரியில் வாடகை வீடு. பத்மா ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைவீதியில் கன்னடம். எங்கள் கல்யாணத்தின்போது அவள் ஒரு தனியார் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே டாக்டர் சொன்னது புரியாமல் வெளியே வந்து விழிப்பவர்களுக்கு, அவரவர் பாஷையில், அவரவருக்குப் பிடிபடுகிற மாதிரி, "அம்மா, சோத்துக்கு முன்னாடி இது, சோத்துக்குப் பின்னாடி அது" என்று சொல்லி அனுப்புவாள். அதை ஒரு திறமை என்று அவளும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. ஓசூரில் பாதிப் பேர் அப்படித்தானே பேசுகிறோம்.

எங்கள் கம்பெனியின் ஜப்பானியக் கூட்டாளி என்னைப் பயிற்சிக்கு அழைத்தார்கள். பயிற்சி வேலையாக மாறியது. பத்மாவும் மகள் நிலாவும் பின்னால் வந்தார்கள். பக்கத்தில் அணு உலை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒளித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது மலை, கடல் மாதிரி. சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

நகராட்சி அலுவலகத்தில் பெயர் பதியப் போனபோதுதான் தெரிந்தது. ஹோஷினோ என்ற பெண் அலுவலர், குப்பையை எந்தக் கிழமை எப்படிப் பிரித்துப் போடுவது என்று ஒரு தாள் கொடுத்தார். கூடவே ஒரு வரைபடம். அதில் கடலோரத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள். எங்கள் வீடு உள்வட்டத்தில் இருந்தது. அந்தப் புள்ளி என்ன என்று கேட்டோம். ஹோஷினோ ஒரு பல்பு வரைந்து, பக்கத்தில் ஒரு அணுவை வரைந்து காட்டினார்.

அப்போது பத்மா புதிதாகக் கற்றுக்கொண்ட ஜப்பானிய மொழியில் ஒரு கேள்வி கேட்டாள். 'கொவாய்' என்றால் பயமாக இருக்கிறது. 'கவாயீ' என்றால் கொள்ளை அழகு. பயமாக இருக்குமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "அணு உலை அழகாக இருக்குமா?" என்று கேட்டுவிட்டாள். ஹோஷினோ சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இழுப்பறையைத் திறந்து, மின் நிலையம் குழந்தைகளுக்காக அச்சடித்திருந்த பொம்மை ஸ்டிக்கரை எடுத்து நீட்டினார். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. நிலா அதைச் சைக்கிளில் ஒட்டிக்கொண்டாள்.

பெயர்களும் எங்களைப் படுத்தின. ஜப்பானியர்களுக்கு 'ல' வராது. நிலா 'நிரா' ஆனாள். நிரா என்றால் இங்கே பூண்டு வாசம் அடிக்கும் ஒரு கீரை. நான் குமார், என் பெயரின் முதல் பாதிக்கு அவர்கள் மொழியில் கரடி என்று பொருள். கரடியும் கீரையும் இருக்கும் வீட்டில் ஒழுங்கான பெயரோடு தப்பித்தவள் பத்மா ஒருத்திதான்.

மொழியையும் அவள்தான் முதலில் பிடித்தாள். "நம்ம பேச்சு மாதிரியேதாங்க. வினை கடைசியில வருது. தெலுங்குல நெனச்சிக்கிட்டு வார்த்தைய மட்டும் மாத்திப் போட்டாப் போதும்" என்பாள். நான் இன்னும் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

3

அணு உலையால் என்ன நன்மை என்று கேட்டால், எங்கள் ஊரில் கையை நீட்டிக் காட்டலாம். பனிக்காலத்திலும் வெந்நீர் நிரம்பிய நீச்சல் குளம். ஜன்னல் வழியே கடல் தெரியும் நூலகம். நிலா போகும் குழந்தைகள் காப்பகம். பெரிய அரங்கம். எல்லாம் மின் நிலையத்தை வைத்துக்கொண்டதற்காக ஊருக்குக் கிடைத்த வரிப்பணத்தில் வந்தவை. பக்கத்து வீடுகளில் மகனோ மருமகளோ அங்கே வேலை பார்க்கிறார்கள்.

ஆனால் அங்கே தயாராகும் மின்சாரம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மலையைத் தாண்டித் தலைநகரத்துக்குப் போகிறது. இதைக் கேள்விப்பட்ட அன்று பத்மா சிரித்தாள். "நம்ம ஊர் ரோஜாப்பூ மாதிரிதான். மருந்து தெளிக்கறது நம்ம பக்கம், கொத்து போறது வெளிநாட்டுக்கு."

இதையெல்லாம் ஓசூரில் சொன்னால் பத்மாவின் தம்பி சீனுவுக்குக் கோபம் வரும். சீனு சிறுதொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். இந்தச் சில வருடங்களாக மின்வெட்டு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உளி உடையும், வேலைத்துண்டு பாழாகும். ஜெனரேட்டர் போட்டால் டீசலுக்கே எல்லாம் போய்விடும். பட்டறை ஆட்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பாவா, உங்களுக்கென்ன, இருபத்திநாலு மணி நேரமும் லைட்டு எரியுது. பயத்தப் பத்திப் பேசலாம். இங்க வந்து ரெண்டு நாள் பட்டறையில உக்காந்து பாருங்க. அணு உலையாவது, ஆனைக் கொட்டாயாவது, எதையாச்சும் போட்டுக் கரண்ட்டு குடுங்கடான்னுதான் கத்துவீங்க" என்பான். அக்காள் புருஷனைப் பாவா என்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம்.

அவன் சொல்வதை என்னால் தள்ள முடியாது. ஊத்தங்கரையில் என் அப்பா மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று கிணற்றடியில் காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். மோட்டார் ஓடுவதற்குள் நாற்று வாடிப்போகும். கரண்ட் இல்லாததும் ஓர் ஆபத்துதான். அதை யாரும் வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டுவதில்லை.

4

அன்று விடுமுறை. அவசர வேலை இருந்ததால் நான் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். காலைப் பொழுது. முதலில் ஒரு குலுக்கல், அதற்குப் பின்னாலேயே தரையை யாரோ பிடித்து உதறுவதுபோல. அளவுக்கருவிகள் வைத்திருந்த அலமாரி என் கண் முன்னாலேயே குப்புற விழுந்தது. நின்றதும் எல்லோரும் வெளியே ஓடி வந்தோம். ஒருவர் கடல் பக்கம் கையைக் காட்டினார். மின் நிலையம் இருக்கும் திசையில் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது.

போன் வேலை செய்யவில்லை. சாலை பிளந்து கிடந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே வந்ததுதான் கொடுமை. பத்மாவும் நிலாவும் வாசலில் நின்றிருந்தார்கள். காப்பகத்தில் பழக்கியிருந்தபடி நிலா மேஜைக்கடியில் புகுந்து அம்மாவையும் இழுத்துக்கொண்டாளாம். வீட்டுக்குள் ஒரு பாத்திரம் மிச்சமில்லை. எங்கள் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்தார்கள். எங்கள் பகுதியில் வெளிநாட்டுக்காரர்கள் கணிசம். தையல் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்த சீனப் பெண்கள், பிரேசிலிலிருந்து வந்த குடும்பங்கள், இங்கே கல்யாணம் செய்துகொண்ட பிலிப்பைன்ஸ் பெண்கள். அவர்கள் ஒரு மூலையில் கூடிவிட்டார்கள். ஜன்னல் வழியே புகை தெரிந்தது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அது அரசாங்க ஜப்பானிய மொழி, எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உலை வெடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். காரில் மலைப்பக்கம் ஓடிவிடலாம் என்றார் இன்னொருவர். மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. லின் என்ற சீனப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பைகளைத் தூக்கினார்கள்.

பத்மா நிலாவை என் மடியில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போனாள். அங்கே ஹோஷினோ கையில் ஒலிவாங்கியோடு ஓடிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள். ஆங்கிலம் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது உடைந்த ஜப்பானிய மொழி ஒன்றுதான். அந்த உடைந்த மொழியிலேயே பேசினாள்.

"புகை வருது. உலை எரியல. வெளியில இருக்கற கரண்ட்டுப் பெட்டி எரியுது. உலை எல்லாம் தானா நின்னு போச்சு. மலை ரோடு மூடியிருக்கு, கார்ல போனா மாட்டிக்குவீங்க. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, லாரியில தண்ணி வரும். வேற ஏதாச்சும் தெரிஞ்சா நான் வந்து சொல்றேன்."

சின்னச் சின்ன வாக்கியம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல, ஒவ்வொன்றும் உள்ளே போய்விட்டதா என்று முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பைகள் கீழே இறங்கின. சற்று நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜப்பானியக் கிழவிகள் சிலர் தங்கள் பாயை உருட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் மூலைக்கே வந்து சேர்ந்தார்கள். ஒலிபெருக்கி சொல்வது தங்களுக்கும் புரியவில்லை என்றும், இந்தப் பெண் சொல்வது புரிகிறது என்றும் சொன்னார்கள்.

என் மகள் அந்தக் காலத்தில் எங்களோடு தமிழில் பேசுவதை விட்டிருந்தாள். காப்பக வாசலில் அம்மா ஜப்பானிய மொழியில் வாயைத் திறந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வாள், உச்சரிப்பு அவமானமாக இருக்கிறதாம். அன்று என் மடியில் உட்கார்ந்தபடி பெஞ்சின் மேல் நின்ற தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பையனிடம், "அது எங்க அம்மா" என்றாள். ஓசூர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்த கையும் வாயும்தான். நாங்கள் அதற்கு ஒரு பெயர் வைக்காமல் இருந்துவிட்டோம்.

5

கசிவு எதுவும் இல்லை என்று மின் நிலையம் அறிவித்ததையும் பத்மாதான் அன்று சொன்னாள். மறுநாள் அது மாறியது. கதிரியக்கம் கலந்த தண்ணீர் கொஞ்சம் கடலில் கலந்துவிட்டதாகவும், உடம்பைப் பாதிக்கும் அளவில்லை என்றும் புதிய அறிவிப்பு வந்தது.

லின் நேராகப் பத்மாவிடம் வந்தாள். "நீங்கள் இல்லை என்று சொன்னீர்களே."

அவ்வளவுதான் கேட்டாள். பத்மாவின் முகம் சுண்டிப்போனது. அளவு சின்னதுதானே, உன் மேல் தப்பில்லையே என்று நான் சமாதானம் சொன்னேன்.

"அளவு எனக்குத் தெரியாதுங்க. அவங்க சொன்னதை நம்பல அந்தப் பொண்ணு. நான் சொன்னதைத்தான் நம்புச்சு. என் வாயை வச்சுத்தானே அது போச்சு" என்றாள்.

மறுபடி பெஞ்சின் மேல் ஏறினாள். நேற்று சொன்னது சரியில்லை, இன்று தெரிந்தது இது, மீதி தெரியவில்லை என்று சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. லின் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன் இணைப்பு வந்ததும் ஓசூரிலிருந்து மாமியார் அழுதார். டி.வி.யில் அந்தப் புகையைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். "பாப்பாவக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே கெளம்பு. கூழோ கஞ்சியோ இங்கயே குடிக்கலாம்." கரண்ட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்த சீனுவும், "வந்துடுங்க பாவா. நான் பேசுனதெல்லாம் சும்மா" என்றான். என் கம்பெனியும் வேண்டுமானால் ஓசூருக்கே மாற்றல் தருவதாகச் சொன்னது.

நான் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த நாட்டை விட்டு வெளியே போவதென்றால், திரும்பி வருவதற்கான அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாங்காமல் போனால் விசா செல்லாது. அந்த முத்திரை குத்தும் அலுவலகம் வேறு நகரத்தில் இருந்தது. அதற்குப் போகும் ரயில் பாதை நிலநடுக்கத்தில் கோணிக் கிடந்தது. திரும்பி வரப்போவதில்லை என்றால் முத்திரை தேவையில்லை. வருவோமா, மாட்டோமா என்று அந்த முத்திரைக்காகவே நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெளிநாட்டில் பல சமயம் இப்படித்தான், நம் மனசில் இருப்பதை அலுவலகம்தான் முதலில் கேட்கிறது.

"நீ சொல்லு" என்றேன்.

பத்மா உடைந்த பாத்திரங்களைக் குப்பைத் தாளில் சொன்னபடி பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "விளக்கக் கூட்டம் வைக்கறாங்களாம். அதுல ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுச் சொல்றேன்."

6

கூட்டம் இலையுதிர் காலத்தில், வரிப்பணத்தில் கட்டிய அதே அரங்கத்தில் நடந்தது. உட்கார இடமில்லை. மேடையில் மின் நிலையத்து அதிகாரிகள் வரிசையாக, ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வெகு நேரம் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு திரையில் படங்கள். உலைகள் எப்படித் தாமாக நின்றன, கசிந்தது எவ்வளவு சொற்பம் என்று விளக்கினார்கள். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என் வேலையும் தரக்கட்டுப்பாடுதான். அவ்வளவு பெரிய உலுக்கலில் உலைகள் ஒழுங்காக நின்றது சாதாரணக் காரியமில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேள்வி நேரம் வந்தது. ஒருவர் இதை இழுத்து மூட வேண்டும் என்றார். இன்னொருவர், மூடினால் என் மகன் எங்கே போவான் என்றார். முன் வரிசையில் மொரிதா என்ற மீனவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கசிவுச் செய்தி வந்த பிறகு அவர் மீனை வாங்க ஆளில்லை.

பத்மா கையைத் தூக்கினாள். ஒலிவாங்கி எங்கள் வரிசைக்கு வந்தது. அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் புடவை கட்டியிருந்தாள், மேலே பனிக்கோட்டு.

"என் ஜப்பானிய மொழி நல்லா இருக்காது. மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தாள். "எங்க ஊர் இந்தியாவுல ஓசூர். பக்கத்துல சானமாவுன்னு ஒரு காடு. எங்க மாமாவுக்கு அந்தக் காட்டோரம் தக்காளித் தோட்டம் இருக்கு. காட்டுல யானைக் கூட்டம் வரும். யானை ஆளைக் கொல்லும். ஆனாலும் எங்க ஜனங்க அங்கதான் இருக்கறாங்க. ஏன்னா, காட்டிலாகா ஆளு வந்து சொல்லுவாரு. யானை இன்னைக்கு இந்தப் பக்கம் நிக்குது, அந்தப் பக்கம் போங்கம்பாரு. தெரியலைன்னா, யானை எங்கன்னு எனக்குத் தெரியல, யாரும் வெளிய வராதீங்கம்பாரு. அவரு தெரியலைன்னு சொல்றதாலதான், தெரியும்னு சொல்றப்ப நம்புறோம்."

பத்மா மேடையில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கசிவு இல்லைன்னு சொன்னீங்க. நான் அதை மத்தவங்களுக்குச் சொன்னேன். அப்ப உங்களுக்கு நெஜமா தெரியுமா? இல்ல, இன்னும் பாக்கலையா?"

மேடையில் இருந்தவர் அளவுமானிகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். பத்மா முடியும்வரை கேட்டுவிட்டு, "நான் அதைக் கேக்கல. அடுத்த தடவை தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லுவீங்களா?" என்றாள்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்தப் பக்கத்தவர் தாளைப் பார்த்தார். அப்போது மொரிதா கட்டியிருந்த கையைப் பிரித்து எழுந்து நின்றார். கடலில் கத்திப் பழகிய குரல் அவருக்கு.

"அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறோம்."

நடுவில் இருந்த வயதான அதிகாரி எழுந்தார். திரையை அணைக்கச் சொன்னார். "அப்போது நாங்கள் முழுமையாகப் பார்த்து முடிக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் சொல்வோம்" என்று பத்மாவைப் பார்த்துக் குனிந்தார். பத்மாவும் குனிந்தாள். யாரும் கைதட்டவில்லை, அது இவர்கள் வழக்கமில்லை. ஆனால் வெளியே போகும்போது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், "இருக்கலாங்க" என்றாள்.

நகராட்சி பத்மாவைப் பகுதி நேர வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவசர அறிவிப்புகளை எளிய மொழியில் மாற்றித் தருவது அவள் வேலை. ஹோஷினோவின் பக்கத்து மேஜை. கடினமான தாள் ஒன்று வந்தால் ஹோஷினோ அதை நீட்டி, "பத்மா-சான், இதை மனித மொழியில் சொல்லுங்கள்" என்பாராம்.

7

நிலநடுக்கத்தோடு நின்றுபோன உலைகளில் ஒன்றை மட்டும் இந்த வருடம் மறுபடி ஓட்டலாமா என்ற பேச்சு வந்தது. ஊர் மக்கள் கொஞ்சம் பேரைச் சேர்த்து ஆலோசனைக் குழு ஒன்று வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் பத்மா. மீனவர்கள் சார்பில் மொரிதா. குழுவின் பேச்சை மேலே இருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் இருவரும் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. மொரிதாவின் சின்ன லாரியில்தான் சேர்ந்து போய் வருவார்கள்.

மின் நிலையத்துக்குள்ளே அழைத்துப் போய்க் காட்டினார்கள். வெள்ளை உடுப்பு, இரண்டு ஜோடிக் கையுறை, மார்பில் அளவுமானி. திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரொம்பச் சுத்தம். நட்டு போல்ட்டுக்கெல்லாம் கோடு போட்டு வச்சிருக்கறாங்க, தளர்ந்தா தெரியறதுக்கு. வேலை செய்யறவங்க நல்லவங்க. நம்ம சீனு பட்டறையப் பாத்தா அவங்களுக்கு மயக்கமே வந்துரும்" என்றாள். "எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள் கம்பியெல்லாம் தண்ணிக்கு அடியில கெடக்குது. நீல வெளிச்சமா, பாக்க அவ்வளவு அழகு. அதைக் கடைசியில எங்க கொண்டுபோயி வைக்கப்போறீங்கன்னு கேட்டேன். இன்னும் முடிவாகல, தெரியலைன்னு சொன்னாங்க."

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

கடைசிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வாரம் பத்மா சீனுவோடு நெடுநேரம் தெலுங்கில் பேசினாள். லின்னோடு பேசினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், என்றாலும் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் மொரிதா, சம்மதமில்லை என்றார். கடல் ஒருமுறை மன்னிக்கும், இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்றார். பத்மா, ஓர் உலைக்கு மட்டும் சம்மதம் என்றாள். வெளிச்சம் இல்லாத ஊரிலிருந்து தான் வந்திருப்பதாகவும், கரண்ட் இல்லாத பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைத் தனக்கு முகம் முகமாகத் தெரியும் என்றும் சொன்னாளாம். நிபந்தனையும் வைத்தாள். எது நடந்தாலும் முதல் அறிவிப்பு எளிய மொழியில், தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்து வர வேண்டும். அதைக் கூட்ட முடிவில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை லாரி வாசலில் வந்து நின்றபோது நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அரங்கத்தில் எழுந்து நின்று அவளுக்குத் துணை வந்தவர் மொரிதா. அவருக்கு எதிராகச் சொல்லிவிட்டு அவர் லாரியிலேயே வந்திருக்கிறாள். வழியெல்லாம் பேசாமல் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இறங்கும்போதும் வாக்குவாதம் ஓயவில்லை.

"நீங்கள் சொன்னது தப்பு. பத்து வருடம் கழித்துத் தெரியும்" என்றார் மொரிதா.

"இருக்கலாம். நீங்க சொன்னதும் என் மனசுல இருக்குது. அதான் நிபந்தனை வச்சேன்."

"நிபந்தனையை மீன் படிக்காது."

"மீன் சார்பாத்தான் நீங்க இருக்கறீங்களே."

மொரிதா வாய்விட்டுச் சிரித்தார். லாரியின் பின்னாலிருந்து ஐஸ் பெட்டியைத் திறந்து கானாங்கெளுத்தி நாலைந்தை எடுத்து நீட்டினார். காலையில் பிடித்தது. பத்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

ஊரிலிருந்து வந்த புளியைக் கரைத்து, மிளகாய்த்தூளைக் கொஞ்சம் குறைத்துப் போட்டாள். குறைத்தும் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலா, முள்ளை எப்படிக் கையால் பிரிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உலையைத் திறப்பதா மூடுவதா என்பதைப் பற்றி அன்று மேற்கொண்டு யாரும் பேசவில்லை. மொரிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டை இன்னொரு முறை பத்மாவிடம் நீட்டினார்.